சிறைக்குச் செல்லும் கடிதம்

கடிதம் எழுதுதல் எங்கள் கல்லூரிகளிற் கீழ்வகுப்பிலேயே கற்பிக்கப்படும் பாடம். விடுமுறை வேண்டி அதிபருக்கும், சுகம் விசாரித்து மாமாவுக்கும் எழுதிப் பழகிய மாணவர்க்குச் சென்ற தவணையிற் புதியதொரு பயிற்சி கொடுத்தேன். தம் கருத்தை வெளியிட்டமைக்காகச் சிறையிலிருக்கும் ஒருவரை விடுவிக்குமாறு அந்நாட்டு அமைச்சருக்குக் கடிதம் வரைதல் வேண்டும் என்பதே அது. மாணவனொருவன் எழுந்து, "ஐயா, முன்பின் அறியாதவர் எழுதும் கடிதத்துக்கு மறியற்சாலைக் கதவு திறக்குமோ?" என்று வினவினான். நியாயமான வினாவே.

1961ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி இலண்டன் 'ஒப்சேவர்' பத்திரிகையிற் பீற்றர் பெனன்சன் என்னும் சட்டத்தரணி, மறக்கப்பட்ட கைதிகளைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தபொழுதும் இப்படி வினவி நகைத்தோர் இருந்தனர். அக்கட்டுரை குறிப்பிட்டோருள் ஒருவர் அங்கோலா நாட்டு வைத்தியரும் கவிஞருமான அகொஸ்தீனோ நேற்றோ. 1975இல் அவரே அந்நாட்டின் முதலாவது சனாதிபதியானார். அக்கட்டுரையினின்றும் எழுந்ததே சர்வதேச மன்னிப்புச் சபை. ('மன்னிப்பு' என்ற சொல் எனக்கு உவப்பானதன்று. குற்றமே செய்யாதவனுக்கு மன்னிப்பு எதற்கு?) தொடக்க காலத்தில் ஒவ்வொரு குழுவும் மூன்று கைதிகளைப் பொறுப்பேற்றது. ஒருவர் மேலைநாட்டினர், ஒருவர் பொதுவுடைமை நாட்டினர், மற்றவர் இவ்விரு அணியிலும் சேராத நாட்டினர். தன் கட்சிக்காரனுக்காக மட்டும் இரங்குபவனை அமைச்சர்கள் பொருட்படுத்தார் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

கடிதத்தின் நடையும் அத்தகையதே. ஏச்சும் பேச்சும் அதில் இடம்பெறலாகாது. கைதியின் பெயர், கைதான நாள், அடைக்கப்பட்ட இடம் ஆகியவற்றைப் பிழையின்றிக் குறித்து, மரியாதையுடன் விடுதலையை வேண்டுதல் வேண்டும். கடிதம் அமைச்சரின் மனத்தை இளக்காது போகலாம். ஆயினும், இம்மனிதன் இங்கே இருக்கிறான் என்பதை வெளியார் அறிவர் என்ற செய்தி சிறையதிகாரிவரை சென்றடைகின்றது.

1973இற் பிறேசிலில் இராணுவ ஆட்சி நடந்தபொழுது லூயிஸ் பசிலியோ றோசி என்னும் பேராசிரியர் கைதானார். சபை விடுத்த முதலாவது அவசர வேண்டுகோள் அவர் பொருட்டே. உலகெங்குமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அக்குவியலைக் கண்ட அதிகாரி, தாம் எண்ணியதினும் பெரிய மனிதர்போலும் இவர் என்று அவர் மனைவியிடம் கூறினாராம். தம் பெயர் வெளியே தெரிந்தபின் தம்மைக் கொல்லவியலாது என்று உணர்ந்ததாகப் பின்னர் றோசி சொன்னார்.

எல்லாக் கடிதமும் இப்படிப் பலித்ததில்லை. நைஜீரிய எழுத்தாளர் கென் சரோ-விவாவுக்காக உலகமே வேண்டியும் 1995 நவம்பர் 10ஆந் திகதி அவர் தூக்கிலிடப்பட்டார். யாருக்காக எழுதுவது என்பதிலும் பிணக்கு உண்டு. ஆயுத எதிர்ப்பை ஏற்றவர் என்ற காரணத்தால் 1964இல் நெல்சன் மண்டேலாவை மனச்சாட்சிக் கைதியாகக் கொள்ளச் சபையினர் மறுத்தனர். இதை வகுப்பிற் சொன்னபொழுது மாணவர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர், மணியடித்தும் ஓயவில்லை. அம்மறுப்பு என் மனத்துக்கும் இன்றுவரை முழுதும் உடன்பாடன்று. அதே மண்டேலாவுக்கு றொபின் தீவில் முதலில் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதமே அனுமதி. அதுவும் ஐந்நூறு சொற்களுக்கு மேற்படலாகாது. எங்கள் மாணவர் பரீட்சையில் எழுதும் கட்டுரையளவே அது!

நம் நாட்டிலும் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் விளக்கமின்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டோர் பலர். தொண்ணூறுகளில் எங்கள் ஒழுங்கையிலிருந்த ஒரு பெரியம்மாவின் மகனும் அவ்வாறு தடுத்து வைக்கப்பட்டிருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. பள்ளிப் பையனாகிய நான், செஞ்சிலுவைச் சங்கத்தார் கொடுத்த தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். குடும்பச் செய்தியன்றி வேறெதுவும் எழுதலாகாது என்பது விதி. "மாடு கன்று போட்டிட்டுது, கிடாரிக் கன்று எண்டு எழு, தம்பி" என்பார். அரசியலையும் அழுகையையும் ஒருநாளும் அவர் எழுதச் சொன்னதில்லை. மாதங்கள் பல கழிந்து பதில் வந்தது. நான்கே வரி. கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று அதிற் கேட்டிருந்தார். நாங்கள் அதுவரை பெயர் வைத்திருக்கவில்லை. அன்று மாலையே பெரியம்மா ஒரு பெயரைச் சொல்லி, மறுதாளை எடுத்து என் முன்னே வைத்தார்.