வேலூர்க் கோட்டையில் ரெட்டைப் பிள்ளைகள்

வேலூர்க் கோட்டைக்குள் இரட்டைப் பிள்ளைகளோடு நுழையும் குடும்பம், அகழியைத் தாண்டுவதற்குள் மூன்று கேள்விகளுக்காவது பதில் சொல்லியாக வேண்டும். "ரெட்டைப் புள்ளைங்களா?" என்பது முதல் கேள்வி. "இதுல யாரு பெரியவன்?" என்பது இரண்டாவது. "ரெண்டு பேர்ல யாரு வாலு?" என்பது மூன்றாவது. நான்கு வயதுப் பையன்கள் இருவரும் ஒரே நிறச் சட்டை, ஒரே மாதிரித் தொப்பியோடு நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது கேள்விக்கு அம்மா சிரித்துக்கொண்டே கை காட்டும் பிள்ளை எப்போதும் ஒருவன்தான். அவன் அன்று முழுக்க வாலாகவே இருந்து தீர்ப்பான்.

முதலில் அகழி. கருங்கல் மதிலைச் சுற்றி அகலமாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் ஒருவன் கரையை நோக்கி ஓடுவான். அதே நொடியில் மற்றவன் எதிர்ப்பக்கம் பலூன்காரரை நோக்கி ஓடுவான். இரட்டையரை வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. அதனால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கோடு வருவதே நல்லது. அப்பாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்றால் தாத்தாவோ சித்தியோ கூட வர வேண்டும். ஒரே ஆள் இரண்டு கைகளிலும் இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு பார்க்கக்கூடிய இடமல்ல இது. 133 ஏக்கர் பரப்பு.

16ஆம் நூற்றாண்டுக் கோட்டை. உள்ளே கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் உண்டு. பிள்ளைகளுக்கு இதில் சொல்லத் தகுந்த கதை 1806 ஜூலை 10ஆம் தேதி விடியற்காலை நடந்த சிப்பாய்ப் புரட்சி. எல்லோரும் ஒரே மாதிரிப் புதுத் தலைப்பாகை வைக்க வேண்டும், நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்று வெள்ளைக்கார அதிகாரிகள் போட்ட உத்தரவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். "தொப்பிக்காகவா சண்டை போட்டாங்க?" என்று கேட்டுவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றி வீசும் பிள்ளையைத் திட்ட முடியாது.

ஜலகண்டேஸ்வரர் கோயிலில்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த கோயில் இது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981ஆம் ஆண்டு மீண்டும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளிகளும் குதிரை வீரர்களும் பாய்ந்துகொண்டிருக்க, பிள்ளைகள் அவற்றின் பற்களை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அவர்களை மெதுவாக அழைத்துப்போய்க் காட்ட வேண்டிய சிற்பம் ஒன்று இங்கே உண்டு. காளையும் யானையும் எதிரெதிரே நிற்கும்; இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. காளையின் உடலைக் கையால் மறைத்தால் யானை தெரியும். யானையின் உடலை மறைத்தால் காளை தெரியும். ஒருவனுக்கு முதலில் யானைதான் கண்ணில் படும், மற்றவனுக்குக் காளை. "யானைடா!" "மாடுடா!" என்று சண்டை தொடங்கும். உடனே விடையைச் சொல்லி முடித்துவைக்காமல் கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்கலாம். இந்த ஒரு சண்டையிலாவது இருவர் சொல்வதும் சரி.

ஸ்ரீபுரம் பொற்கோயில் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. 2007இல் திறக்கப்பட்டது. நட்சத்திர வடிவப் பாதையில் நெடுந்தூரம் நடந்துதான் சன்னிதியை அடைய முடியும். பாதி வழியில் இருவரும் ஒன்றாக "தூக்கு" என்பார்கள். செல்போனை வெளியிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதால், கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்வது அவசியம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி ஏற்றது. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மான், மயில், மரநிழல் எல்லாம் உண்டு. நல்ல மழைக்குப் பிறகு போனால் அருவியும் இருக்கும்.

மறுநாள் மேற்கே ஆம்பூர்ப் பக்கம் போகலாம். பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். வழியில் பாலாறு வரும். பெரும்பாலான மாதங்களில் அது மணல்தான். "ஆத்துல ஏன் தண்ணி இல்ல?" என்ற கேள்வியும் கூடவே வரும். மழை, அணை, மணல், தோல் தொழிற்சாலைக் கழிவு என்று பதில் நீளும். அந்தக் கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றைக்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. நான்கு வயதுக்கு இதெல்லாம் அதிகம். "அழுக்காக்கிட்டாங்க" என்றால் புரிந்துகொள்வார்கள்.

ஆம்பூரில் செருப்பும் ஷூவும் வாங்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. ஒருவன் காலுக்கு அளவெடுத்துவிட்டு "அதே சைஸ்ல இன்னொண்ணு" என்று கேட்பது இரட்டையரின் பெற்றோருக்குப் பழக்கமாகிவிடுகிறது. ஒரே நாளில் பிறந்திருந்தாலும் கால் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருவரையும் உட்காரவைத்துத் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். பிரியாணியிலும் இதே கதைதான். சீரகச் சம்பாவும் காய்ந்த மிளகாய் விழுதும் சேர்ந்த ஆம்பூர் பிரியாணியை ஒருவன் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டு முடிப்பான். மற்றவன் தயிர்ப் பச்சடியும் முட்டையும் போதும் என்பான். "அவன் சாப்பிடறான் பாரு, உனக்கு என்ன?" என்று பாட்டி தொடங்குவதற்குள் யாராவது பேச்சை மாற்றிவிட்டால் சாப்பாட்டு நேரம் நிம்மதியாகக் கழியும்.

ஏலகிரிக்கு ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். பெரும்பாலும் இருவரில் ஒருவன்தான் வாந்தி எடுப்பான். அவனுக்கு முன் இருக்கை. மற்றவன் அழுதாலும் அன்று அப்படித்தான்.

திரும்பும் வழி சென்னைப் பக்கம் என்றால் ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்க வண்டி நிற்கும். இரட்டையர் பேச்சில் ஆற்காட்டை விட்டுவிட முடியாது. ஆற்காடு என்பதைப் பெயரிலேயே சுமந்த அண்ணன் தம்பி இருவர் 1887 அக்டோபர் 14 அன்று கர்நூலில் ஒன்றாகப் பிறந்தார்கள். ஒருவர் ஏ. ராமசாமி முதலியார். வழக்கறிஞர், நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர், மைசூர் திவான், 1946இல் ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவர். மற்றவர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். மருத்துவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தர். இரட்டையராகப் பிறந்த அவர் மகப்பேறு மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குப் பாடநூலும் எழுதினார். இருவரில் யார் வாலு என்று கர்நூலில் அவர்கள் அம்மாவிடமும் அக்கம்பக்கத்தார் கேட்டிருக்கத்தான் வேண்டும்.

மக்கன் பேடாவின் உள்ளே முந்திரி, பாதாம் என்று பருப்புகள் இருக்கும். அதைத் தோண்டித் தின்றுவிட்டு மேல்பகுதியை ஒதுக்குகிறவன் ஒருவன். பருப்பைத் துப்பிவிட்டு மேல்பகுதியை மட்டும் தின்கிறவன் மற்றவன். அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே தட்டு போதும்.