எதைத் தூங்கவிடலாம்?

தம்பி, தாலுகா அலுவலகத்தில் வேலைக்குச் சேரப் போகிறாய். சேர்ந்த சில நாளிலேயே 'அந்த ஃபைல் தூங்குது' என்று யாராவது சொல்வதைக் கேட்பாய். புதுக்காலக் கொச்சை என்று நினைத்துவிடாதே. 'தூங்கு' என்ற சொல்லின் பழைய பொருள் அந்தப் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

நாடாளும் அரசனுக்கு இருக்க வேண்டியவற்றில் 'தூங்காமை'யை முதலில் வைத்தார் வள்ளுவர். அரசன் ராத்திரியெல்லாம் கண்விழிக்க வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகள் பொருள் கொள்வதுண்டு. பரிமேலழகர் அதற்கு 'விரைவுடைமை' என்று உரை எழுதினார். உறக்கத்தைச் சொல்ல வள்ளுவரிடம் உறங்குதல், துஞ்சுதல், துயில் என்று வேறு சொற்கள் இருந்தன. 'தூங்கு' என்றால் அன்று தொங்குவது, அசைவது, தாமதிப்பது. தூங்கணாங்குருவியின் பெயரில் அந்தத் தொங்கல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. மலையாளத்தில் இன்றும் அந்தச் சொல்லுக்குத் தொங்குவது என்றுதான் பொருள். கண்ணை மூடிக் கிடப்பதற்கு அதை ஒதுக்கியது நாம்தான்; ஈழத்தார் நித்திரை கொள்கிறார்கள்.

இந்தப் பொருளோடு வினைசெயல்வகை அதிகாரத்தின் இரண்டாம் குறளைப் படித்துப் பார். ஆற அமரச் செய்ய வேண்டியதை ஆற அமரச் செய், தள்ளிப்போடக் கூடாததைத் தள்ளிப்போடாதே என்கிறார். எது எந்த வகை என்று அவர் பட்டியல் தரவில்லை. கட்டட வேலையில் காலம் கழித்த எனக்கு அது தளம் போடும் இடத்தில் விளங்கியது.

சிமெண்டில் தண்ணீர் பட்டுவிட்டால் அரை மணி நேரம்தான் நிச்சயம்; அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இறுகத் தொடங்கலாம். கலவைச் சட்டி கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவரும் உட்காரக் கூடாது. போட்டு முடித்ததும் அதே தளம் வேறு குணம் கேட்கும். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி, குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். அகலமான தளமென்றால் 14 நாளாவது முட்டுகளில் கை வைக்கக் கூடாது. கான்கிரீட்டின் பலத்தையே 28 நாள் கழித்துத்தான் கணக்கிடுவார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார். நல்ல மேஸ்திரி அசையமாட்டார். காலையில் ஆட்களை விரட்டியவரும் அவர்தான். வேலை எதைக் கேட்டதோ அதைக் கொடுத்தார்.

நாமோ மனசு கேட்பதைக் கொடுக்கிறோம். கோபமூட்டும் வாட்ஸ்அப் செய்திக்கு நொடியில் பதில் பறக்கிறது. அம்மா நெஞ்சு வலிக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் போகலாம் என்கிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. நண்பனோடு உறவை முறிப்பது, நிலம் வாங்குவது, கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வது, இவையெல்லாம் சில ராத்திரிகள் கிடக்கலாம். வாங்கிய கடனும் வீட்டில் ஒருவரின் நோயும் கிடக்கக் கூடாது.

உன் மேசைக்கு இதில் இன்னொரு கனம் உண்டு. கலவை இறுகினால் நஷ்டம் மேஸ்திரிக்கே வரும், அதனால் அவர் ஓடுவார். முதியோர் உதவித்தொகை மனு தூங்கினால் உன் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது. தாமதம் ஒருவருடையது, பசி இன்னொருவருடையது. சட்டம் நாள் குறிப்பது இதனால்தான். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சாதாரண மனுவுக்குப் பதில் தர 30 நாள் விடுகிறது. கேட்ட தகவல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதென்றால் 48 மணி நேரம்தான்.

பட்டா மாறுதலில் சந்தேகம் வந்தால் இன்னும் ஒரு நாள் எடுத்துப் பழைய பத்திரத்தைப் பார். பெயர் தவறிப்போனால் ஒரு குடும்பம் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையும். விதவை உதவித்தொகை மனு எல்லாம் சரியாக இருந்து உன் கையெழுத்து மட்டும் பாக்கியென்றால், மதியச் சாப்பாட்டுக்கு எழுவதற்கு முன் அதைப் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்பிவிடு.