மூன்றாவது பிரதி

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். இவ்விரண்டையும் செய்து களைத்த நமக்கு, அண்மையில் மூன்றாவது காரியம் ஒன்றிலும் தலையிட நேர்ந்தது. அதுதான் வழங்கி தேடுவது.

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கிறோம். எங்கோ ஓரிடத்தில் இரவு பகலாக விழித்திருக்கும் கணினி ஒன்று அப்பக்கத்தை எடுத்து நமக்கு அனுப்புகிறது. கேட்டவர்க்குக் கேட்டதை வழங்குவதால் அதற்கு வழங்கி என்று பெயர். பெயரளவில் வள்ளல்தான், ஆனால் மாதந்தோறும் வாடகை கேட்கும் வள்ளல்!

இந்த வம்பு நமக்கு எவ்வாறு வந்தது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறோம். கல்முனையிலும் சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய அயலூர்களிலும் உள்ள ஆசிரியர் சிலர் சேர்ந்து, தாம் எழுதிய பாடக்குறிப்புகளையும் மாதிரி வினாத்தாள்களையும் இணையத்தில் ஓரிடத்திற் சேர்த்து வந்தோம். கட்டணம் இல்லை. நாளொன்றுக்குப் பத்துப் பேர் வந்த காலத்தில் ஒரு குறையும் தோன்றவில்லை. பின்னர் பத்து நூறாகி, நூறு ஆயிரமாயிற்று. உயர்தரப் பரீட்சை நெருங்கிய ஓர் இரவில், எல்லோரும் ஒரே வேளையில் வந்து தட்டியபோது, கதவு திறக்கவே இல்லை.

மறுநாட் காலை மாணவி ஒருத்தி தன் வாப்பாவுடன் நம் வாசலுக்கு வந்து நின்றாள். "சேர், இராத்திரி முழுவதும் சுற்றிக்கொண்டே இருந்தது" என்று மட்டும் சொன்னாள். அவர் மீன்பிடித் தொழிலாளி. மகளின் படிப்புக்கென்று தம் கைத்தொலைபேசிக்கு டேட்டாப் போட்டுக் கொடுத்துவிட்டு உறங்கியவர். இருவரும் நம்மைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலையே கணினி படித்த மருமகனை அழைத்து விசாரித்தோம். அவன் விளக்கியதை வீட்டுக் கணக்கில் சொன்னால் யாவர்க்கும் விளங்கும். வழங்கி வாடகையில் மூன்று வகை உண்டு. முதலாவது, ஒரே கூடத்திற் பலர் பாய் விரிப்பது போன்றது. ஒருவன் வீட்டிற் கலியாணம் வந்தால் மற்றவனுக்கு உறக்கமில்லை. நாம் இருந்தது அங்கேதான். இரண்டாவது, ஒரு பெரிய வீட்டைத் தடுப்பு வைத்துப் பிரித்துக் கொடுப்பது. அறை தனி, கூரை பொது. மூன்றாவது தனி வழங்கி. ஒரு கணினி முழுவதும் ஒருவருக்கே. அயலான் சத்தம் இல்லை. ஆனால் தனிவீட்டிற் கூரை ஒழுகினால் அடைக்கவேண்டியவர் நாமே. பூட்டுப் போடுவதும், நிரல்களை அவ்வப்போது புதுப்பிப்பதும், நள்ளிரவில் விழுந்தால் எழுப்பி விடுவதும் நம் தலையில்தான் வரும்.

"ஏன், ஒரு கணினியை வாங்கி நம் வீட்டிலேயே வைத்தால் என்ன?" என்று கேட்டோம். மருமகன் சிரித்தான். "மாமா, 2022ஆம் ஆண்டை மறந்துவிட்டீர்களா?" என்றான். மறக்கக்கூடியதா அது? அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றதே! வழங்கிக்கு மின்சாரம் மட்டும் போதாது. குளிர்ச்சியும் ஒன்றுக்கு மேற்பட்ட இணைய வழிகளும் வேண்டும். அவ்வெண்ணத்தை அன்றே கைவிட்டோம்.

அடுத்து எழுந்தது, எந்த நாட்டில் எடுப்பது என்னும் கேள்வி. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். பாரிஸ் ஏறத்தாழ 8,500. போய்வரக் குறைந்தது முன்னதற்கு 27 மில்லிவிநாடியும் பின்னதற்கு 85 மில்லிவிநாடியும் வேண்டும். கடலடி வடங்கள் நேர்கோட்டிற் செல்லாமையால் உண்மையில் இன்னும் கூடும். ஒருமுறைக்கு இது அற்பமே. ஒரு பக்கம் திறக்கப் பலமுறை போய்வர வேண்டியிருப்பதால், பழைய கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைக்கு அது தெரியவே செய்யும். எனினும் ஐரோப்பாவில் வாடகை மலிவு. வாடகையோ டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டதை அனுபவித்தவர் நாம். இன்று கொடுக்க முடிகிற வாடகையை அன்றி, ரூபா மீண்டும் சரிந்தாலும் கொடுக்க முடிகிற வாடகையையே பேசவேண்டும் என்று முடிவு செய்தோம்.

மருமகனுக்கோ இளமை. சந்தையில் உள்ளவற்றுள் மிக விரைவான கணினியையே எடுக்கவேண்டும் என்று நின்றான். "மகன், அன்றிரவு எது போதாமற் போனது? அதை முதலில் அளந்து சொல்" என்றோம். அளந்து பார்த்தான். கணக்குப் போடும் திறன் அல்ல, நினைவகமே போதவில்லை என்று கண்டான். நம் அட்டவணைகள் முழுவதும் நினைவகத்தில் அடங்கிவிட்டால், கணினி ஒவ்வொரு கேள்விக்கும் வட்டைத் தேடி ஓடவேண்டியதில்லை. நம்முடையவை ஆறு கிகாபைட்டுக்குள் அடங்குபவை. ஆகவே 32 கிகாபைட் நினைவகமும், ஒன்றின் பிரதிபிம்பமாக மற்றொன்று இயங்கும் இரண்டு திண்ம வட்டுகளும் உடைய நடுத்தரக் கணினி ஒன்றே போதும் என்று தெரிந்தது.

இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கையில், பாக்கு வெட்டிக்கொண்டிருந்த உம்மா தலை நிமிர்ந்தார். "அந்தப் பெட்டி இருக்கிற இடத்துக்கும் கடல் வந்தால் என்ன செய்வாய், மகன்?" என்று கேட்டார்.

நாம் இருவரும் வாயடைத்துப் போனோம்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் இக்கரைக்கு என்ன நடந்தது என்று விரித்துரைக்க வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் வீடும் போயிற்று. வீட்டோடு தகரப் பெட்டி ஒன்றும் போயிற்று. அதனுள் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று வளவின் உறுதி. மற்றது, ஆசிரியராயிருந்து மறைந்த வாப்பா தம் கையால் எழுதிய கணித ஏடுகள். உறுதி திரும்பக் கிடைத்தது. ஏனெனில், உறுதி முடிக்கும் நொத்தாரிசு மூலத்தை நம்மிடம் தந்து, ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்து, மற்றொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது வழக்கம். பதிவகத்துப் பிரதி நம்மைக் காத்தது. வாப்பாவின் ஏடுகளுக்குப் பிரதி இல்லை. அவை போனவை போனவையே. அவ்விழப்புத்தான் நம்மைப் பாடக்குறிப்புகள் சேர்க்கத் தூண்டியது. அப்படியிருந்தும் அத்தனையையும் மறுபடி ஒரே பெட்டியில் வைக்கப் பார்த்தோமே!

உம்மாவின் கேள்வி வீண் அச்சமன்று. 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் வழங்கி நிலையம் தீப்பற்றி, ஒரு கட்டடம் முற்றாக எரிந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பிரதியை அதே வளாகத்தில் வைத்திருந்தோர் சிலர், மூலத்தையும் பிரதியையும் ஒருங்கே இழந்தனர். நம் நாட்டிலும் 2023 ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்க மின்னஞ்சல்களைத் தீநிரல் ஒன்று தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்களுக்குப் பிரதி இல்லாமையால் அவை மீளவில்லை.

"இரண்டு வட்டுகள் இருக்கின்றனவே" என்று நீங்கள் கேட்கலாம். அவை கண்ணாடியும் முகமும் போன்றவை. முகத்தில் மை பட்டால் கண்ணாடியிலும் மை. ஒரு வட்டு பழுதானால் மற்றது கைகொடுக்கும். நாமே தவறுதலாக ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழியும். மூன்று பிரதி, இருவகை ஊடகம், அவற்றுள் ஒன்று வெளியூரில் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் விதி. நொத்தாரிசுமார் நெடுங்காலமாகச் செய்து வருவதற்கு இது மிக அண்மித்தது அல்லவா?

முடிவில், மருமகன் விரும்பிய பெரிய கணினியை விட்டுச் சிங்கப்பூரில் நடுத்தரமான தனி வழங்கி ஒன்றை எடுத்தோம். மிஞ்சிய பணத்தில் ஐரோப்பாவில் பிரதி வைக்கச் சிறிது இடம் எடுத்தோம். மூன்றாவது பிரதியை ஒரு வன்தட்டில் ஏற்றி, கடலுக்கு எட்டிய சம்மாந்துறையில் உறவினர் வீட்டு அலுமாரியில் வைத்தோம்.

ஒரு வெட்கத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். முதல் மாதம் முடிந்ததும், "பிரதியிலிருந்து ஒரு குறிப்பை எடுத்துக் காட்டு, பார்ப்போம்" என்றோம். மருமகன் திறந்தான், கோப்புகளின் பெயர்கள் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை! ஒரு கட்டளையிற் பிழை. அன்று திறந்து பாராவிட்டால், கடல் வந்த பிறகே அது தெரிந்திருக்கும். அதுமுதல் மாதம் ஒருமுறை பிரதியைத் திறந்து பார்ப்பது நம் வீட்டு வழக்கமாயிற்று. திறந்து பாராத பிரதி, பிரதியன்று; நம்பிக்கை மாத்திரமே.

அடுத்த பரீட்சைக்கு முந்திய இரவில் உம்மாவும் நம்மோடு விழித்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. முன்பு வாசலில் நின்ற மாணவி இப்போது ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சென்ற மாதம் தன் கைப்பட எழுதிய குறிப்புகளை நமக்கு அனுப்பியிருந்தாள். அன்றிரவே அவற்றை மூன்று இடங்களிலும் சேர்த்தோம்.

வழங்கி எல்லார்க்கும் தேவைப்படாது. ஆனால் உங்கள் பிள்ளைகளின் படங்களும் பெற்றோரின் குரலும் ஒரே ஒரு கைத்தொலைபேசியில் இருக்குமானால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவற்றுக்கு ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டிற் கொடுத்து வையுங்கள். கடல் நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை.