பண்ருட்டி அக்காவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உங்கள் பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்று நம்பி எழுதுகிறேன். நேரில் நன்றி சொன்னால், "இதுக்கெல்லாம் எதுக்கு கண்ணு" என்று அடுத்த பழத்தை இழுத்து வைத்துக்கொள்வீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் சொல்கிறேன்.

கும்பகோணம் சாலையில் உங்கள் கடை. நாலு கழி, மேலே கீற்று, கீழே சாக்கு, அதன்மேல் குவித்த பலா. ஆறு வருடத்துக்கு முன் ஒரு வைகாசி மதியம், நான் வந்த பேருந்து அந்த இடத்தில் பழுதாகி நின்றது. மாற்று வண்டிக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். உங்கள் நிழலில் ஒதுங்கினேன். "சும்மாதான குந்தியிருக்க, கையில எண்ணெ தடவிக்கிட்டு வா" என்றீர்கள்.

பலாவை நான் சுளையாக மட்டுமே பார்த்து வளர்ந்தவள். நீங்கள் பழத்தை மடியில் சாய்த்து விரல் முட்டியால் தட்டினீர்கள்; காம்போரம் மூக்கை வைத்தீர்கள். கத்திக்கும் எண்ணெய். காம்புப் பக்கம் முதல் வெட்டு விழுந்ததும் பால் கசிந்தது. அது நிற்கும்வரை பழைய செய்தித்தாளால் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு நெடுக்காகப் பிளந்து, நடுத்தண்டைச் சீவி எடுத்து, தோலைப் பின்பக்கமாக வளைத்தீர்கள். சுளைகள் தாமாக மேலெழும்பி வந்தன. அவசரத்தில் நான் கத்தியை உள்ளே விட்டேன். ஒரு சுளை கிழிந்தது. நீங்கள் திட்டவில்லை, கத்தியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். "கத்தி தோலுக்குத்தான். சுளைக்கு விரலு."

சடையை ஆட்டுக்கு ஒதுக்கினீர்கள், கொட்டையைக் குழம்புக்கு. கிழிந்த சுளையைத் தட்டில் வைக்காமல் நீங்களே தின்றீர்கள். விற்கிற பொருளுக்கு நீங்கள் காட்டிய அந்த மரியாதையை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு பலாப்பழம் நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாய்ச் சேர்ந்து பழுத்த கூட்டுக்கனி. வெளியே ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. கருவுற்ற பூ சுளையாகிறது, கருவுறாதது சடையாகிறது. வீட்டுக்கு வந்து இதைப் படித்தபோது உங்கள் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, காயம் படாமல் எடுத்த விரல்கள்.

மறுபடி வந்தது ஆவணியில். பலா ஓய்ந்துவிட்டது, கடை இல்லை. பொம்மைப் பட்டறையில் இருப்பீர்கள் என்று டீக்கடைக்காரர் வழி சொன்னார். பலாவும் முந்திரியும் போலவே பண்ருட்டிக்குப் பொம்மையும் பெயர் தந்தது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். இரண்டு பாதி அச்சில் அழுத்தி, ஒட்டி, காயவைத்து, சூளையில் சுட்ட மண் பொம்மைகள் ஒரு பக்கம். காகிதக்கூழ் பொம்மைகள் இன்னொரு பக்கம். வெள்ளை பூசிய நாற்பது கிருஷ்ணர்கள் கண்ணில்லாமல் வரிசையாக நின்றார்கள். நீங்கள் தூரிகை நுனியைக் கட்டைவிரல் நகத்தில் உருட்டிக் கூராக்கி, மூச்சை அடக்கி, ஒரு கண் எழுதினீர்கள். "கண்ணு எழுதறப்ப பேசாத" என்றீர்கள். நாற்பதும் ஒரே அச்சில் பிறந்தவை. நீங்கள் எழுதி முடித்தபோது ஒருவன் பார்த்தது போல் இன்னொருவன் பார்க்கவில்லை.

தங்கத்தாள் ஒட்டிய தஞ்சாவூர் ஓவியத்தைக் கலை என்கிறோம். இதைப் பொம்மை வேலை என்று சொல்லிவிட்டுப் போகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கொலு வைக்கிற ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் ஒன்பது நாள் காட்சிக்கு இருக்கும் கலை வேறு எது?

அக்கா, நான் அப்போதெல்லாம் எழுத உட்கார்ந்தால் பெரிய விஷயங்களைத் தேடுவேன். கிடைக்காது. நோட்டை மூடிவிடுவேன். உங்கள் கடையிலிருந்து திரும்பிய இரவு, பால் எப்படிக் கசிந்தது, கையிலிருந்து அது எப்படிப் போகவில்லை என்று ஒரு பக்கம் எழுதினேன். அன்றிலிருந்து தினமும் ஒரு பக்கம். உங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி எட்டும் தூரம்தான். அங்கே ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 வரை கால் நூற்றாண்டு எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். போரும் அரசியலும் எழுதியவர், கப்பல் வந்ததையும் வீட்டு விசேஷத்தையும் அதே நோட்டில் எழுதினார், தம் காலத்துப் பேச்சுத் தமிழில். பண்டிதத் தமிழைத் தேடி அவர் காத்திருந்தால் அந்தக் காலத்துப் புதுச்சேரியின் அன்றாடம் நமக்கு இவ்வளவு கிடைத்திருக்காது.

என் நோட்டில் உங்கள் சொற்கள் நிறைய இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் உங்கள் மாமியார் வைத்த மரம் சாய்ந்ததைச் சொன்னீர்களே: "மரம் விழுந்த சத்தத்தக்கூட தாங்கிக்கிட்டேன். விடிஞ்சதும் வாசல்ல அடிச்ச வெயிலத்தான் தாங்க முடியல." இப்படி ஒரு வரியை எழுத நான் எத்தனை வருடம் முயன்றாலும் போதாது. நீங்கள் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் ஊன்றிய கொட்டை மரமாகி இப்போது காய்க்கிறது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

போன வைகாசியில் எங்கள் குடியிருப்பில் முதல் முறையாக முழுப் பழம் ஒன்றைத் தனியாக அறுத்தேன். எட்டு வீட்டுக்குப் பங்கு வைத்தேன். மூன்று சுளைதான் கிழிந்தது. அந்த மூன்றையும் நான் தின்றேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரை முதல் ஆடி வரை அந்தச் சாலையில் போனால் வண்டியை நிறுத்துங்கள். முழுப் பழம் வாங்கி, உங்கள் கண்முன் அறுக்கச் சொல்லிக் கூடவே உட்காருங்கள். புரட்டாசியில் பொம்மை வாங்கும்போது, கண் எழுதியது யார் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பொம்மையின் அடியில் அவர் பெயர் இருக்காது.

ஆனியில் வருகிறேன், அக்கா. கொட்டையை எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
எண்ணெய்க் கையோடு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்