அக்கரையும் அக்கறையும்

படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். அவ்வளவு காலத்தில் நான் கூடுதலாகச் சிவப்பு மை செலவழித்தது ஆங்கிலச் சொல்லுக்கு அல்ல, ஒரு தமிழ்ச் சொல்லுக்கு. மொழிபெயர்க்கச் சொன்னால், 'என் அம்மா என்மேல் மிகுந்த அக்கரை உள்ளவர்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். வல்லின 'ற' போடவேண்டிய இடத்தில் இடையின 'ர'. சுழித்துவிடுவேன். ஆனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தாய்மார் அப்போது குவைத்திலும் சவுதியிலும் வீட்டு வேலையில் இருந்தார்கள். சில கொப்பிகளில் பேனை கொஞ்சம் தயங்கும்.

எங்கள் ஊரில் இந்தப் பிழை வராமல் இருந்தால்தான் அதிசயம். ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. புத்தகத்தில்தான் வாவி, எங்கள் வாயில் அது ஆறு. சூரியன் எழும்பும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. ஆசுபத்திரி, வங்கி, கச்சேரி, பெரிய கடைகள் எல்லாம் அந்தப் பக்கம். நெல்லும் மாடும் தயிரும் இந்தப் பக்கம். ஆற்றைக் கடக்க மிதந்து வரும் அந்தப் பலகைத் தட்டுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'பாதை'. 'பாதை வருதா?' என்று கேட்பதை வெளியூர்க்காரர் கேட்டால் முழிப்பார்கள். 2014இல் மண்முனையில் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு விடிவு வந்தது. அம்பிளாந்துறையிலும் மண்டூரிலும் உள்ளவர்களுக்குக் குறுக்கு வழி இன்னும் பாதைதான்.

அந்த அக்கறைக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்தான் நான் படிப்பிக்கப் பயந்த சொல்: 'கெயார்'. எழுத்து நாலு, பொருளுக்குக் கணக்கில்லை. 'எபௌட்' சேர்த்தால் மனதில் நினைப்பது, 'ஃபோர்' சேர்த்தால் கையால் செய்வது. அதே 'ஃபோர்' தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வந்தால் 'விருப்பமா?' என்ற கேள்வி. பெட்டியில் ஒட்டியிருந்தால் 'உடையும், கவனம்'. பத்தாம் வகுப்புப் பெடியனின் வாயில் வந்தால் 'எனக்கென்ன?' இத்தனையையும் கரும்பலகையில் எழுதி முடிக்க மணி அடித்துவிடும்.

எனக்குப் பிடித்தது கடித உறையில் வரும் 'கெயார் ஒஃப்', நாங்கள் 'மே/பா' என்று எழுதுவது. சண்டைக் காலத்தில் இந்தக் கரை ஒருவர் கையில், அந்தக் கரை இன்னொருவர் கையில். கடிதம் எங்கள் விலாசத்துக்கு ஒழுங்காக வந்து சேராது. என் கடிதங்கள் எல்லாம் களுவாஞ்சிகுடியில் ஒரு பலசரக்குக் கடை முதலாளியின் மே/பாவில்தான் வந்தன. அந்த மனுசன் அவற்றை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு, எறும்பு வராமல் மூடியின் விளிம்பில் மண்ணெண்ணெய் பூசி வைத்திருப்பார். கடிதத்தைப் பிரித்தால் மணக்கும். இரண்டு மாதம் கழித்துப் போனாலும் எடுத்துத் தருவார். அதற்காக ஒரு சதம் வாங்கியதில்லை, ஒரு கிலோ சீனியாவது வாங்காமல் வெளியே விட்டதுமில்லை.

அகராதியைக் கிண்டினால் 'கெயார்' என்பது பழைய ஆங்கிலத்தில் துக்கத்தையும் கவலையையும் குறித்த சொல். அன்பாகப் பேணுவது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் 'கவலை' என்பதற்கு இரண்டாகப் பிரியும் வழி என்றும் ஒரு பொருள் உண்டு. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பதும் கவலைதானே.

ஆனால் எங்கள் ஆட்கள் பேச்சில் இந்தப் பேணும் வேலையை முழுக்கக் கண்ணிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையைப் பார்ப்பது, வயலைப் பார்ப்பது, வருத்தக்காரரைப் பார்க்கப் போவது, வழியனுப்பும்போது 'பாத்துப் போ மனே'. அதில் சில பார்வைகளுக்குப் பதவியும் இருந்தது. போடியாரின் வயலைப் பார்க்க முல்லைக்காரன், வாய்க்கால் தண்ணீரைப் பார்க்க வட்டவிதானை, கோயிலைப் பார்க்க வண்ணக்கர். பிறப்பைப் பார்க்க மருத்துவிச்சி. படுக்கையில் கிடக்கும் கிழவியைப் பார்ப்பவருக்கு மட்டும் பெயரில்லை. அது ஒரு தொழில் என்று யாரும் நினைத்ததில்லை, வீட்டில் இருக்கும் பெண் செய்வாள். விபுலாநந்த அடிகள் தலைமையில் கலைச்சொல் ஆக்கியவர்கள் விஞ்ஞானத்துக்கெல்லாம் சொல் தேடினார்கள். இதற்கு ஒரு சொல் வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

இப்போது பெயர் வந்துவிட்டது. 'கெயார்'. ஊரில் ஆங்கிலம் ஒரு வசனம் பேசத் தெரியாத கிழவிகளும் சொல்கிறார்கள்: 'என்ட பேத்தி கெயாருக்குப் போயிற்றாள்.' 2022 பெப்ரவரியில் பிரித்தானியா பராமரிப்பு வேலைக்காரருக்கு விசாவைத் திறந்துவிட்டதும், ஐஇஎல்ரிஎஸ் வகுப்புக்கும் முகவருக்கும் காணியும் நகையும் போயின. என் அக்காவின் மகளும் போனாள், 2024 நடுப்பகுதியில். அந்த வருடம் மார்ச் 11இலிருந்து புதிதாகப் போகும் பராமரிப்பு வேலைக்காரர் கணவனையும் பிள்ளையையும் கூட்டிப்போக முடியாது என்று சட்டம் வந்திருந்தது. ஆறு வயதுப் பிள்ளையை அக்காவிடம் விட்டுப் போனாள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். முகவருக்கு முற்பணம் கட்டியிருந்தவர்கள் இன்னும் அலைகிறார்கள்.

மருமகள் இரவு வேலை முடித்துவிட்டு வாட்ஸ்அப்பில் கதைப்பாள். தொண்ணூற்றொரு வயது அம்மா ஒருத்திக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். மாற்றிய நேரத்தை உடனே போனில் பதிய வேண்டும். எத்தனை மில்லிலீற்றர் தண்ணீர் குடித்தா என்பதையும்.

"எழுதாட்டி செய்யாத மாதிரித்தான் மாமா" என்றாள்.

அந்த அம்மாவுக்கு இவளின் பெயர் வாயில் வராதாம், 'டார்லிங்' என்றுதான் கூப்பிடுவாவாம். மகன் கிறிஸ்மஸுக்கு வந்துபோவாராம். இதைச் சொல்லும்போது அவளுடைய குரலில் குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. சொல்லிவிட்டு உடனே, "அம்மாட சீனி எவ்வளவு?" என்று கேட்டாள்.

அக்காவுக்குச் சீனி வருத்தம். மாதம் ஒருமுறை களுவாஞ்சிகுடி ஆசுபத்திரியில் கிளினிக். விடியவே அம்பிளாந்துறையில் பாதை ஏறி, குருக்கள்மடத்தில் இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் கூடப் போவான். அக்காவின் கிளினிக் கொப்பியைத் தன் சேட்டுக்குள் செருகிக்கொண்டு, அவவின் கையைப் பிடித்துப் பலகையில் ஏற்றுவான். அவனுக்கு மருமகள் அங்கிருந்து மாதாமாதம் காசு அனுப்பப் பார்த்தாள். "வேணாம் அக்கா, போனுக்கு டேட்டா மட்டும் போட்டு விடுங்க" என்றிருக்கிறான். எத்தனை மணிக்குக் கையைப் பிடித்தான் என்று எங்கேயும் பதிவில்லை.

போன மாதம் கிளினிக் நாளில் பின்னேரம் துறையில் போய் நின்றேன். பாதை நிறைய ஆட்கள், மோட்டார் சைக்கிள்கள், ஒரு ஆடு. அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் போனை முகத்துக்கு நேரே வைத்துச் சத்தமாகக் கதைத்துக்கொண்டு வந்தா. கரை தட்டியதும் போனை என்னிடம் நீட்டுவதற்கு முன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டா.

"தம்பி, மத்தியான மருந்து குடிச்சயா எண்டு கேக்காள். ஓம் எண்டு சொல்லிற்றன். நீ காட்டிக் குடுத்திராத."