அம்மிணியின் குணம்

என் தங்கை வீட்டில் ஒரு பாம்பு இருக்கிறது என்பதை இரண்டு வருடம் அவள் எனக்குச் சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போது அவளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரியும் மஞ்சள் வெளிச்சமும் தெரியும். மீன் தொட்டி என்று நினைத்துக்கொள்வேன். 2023 மே மாதம் கல்லூரி விடுமுறையில் பிரிஸ்பேன் போய் இறங்கிய இரவுதான் அலமாரிக்குள் ஒரு மரக்கிளையில் மடிந்து மடிந்து கிடந்த உடம்பைப் பார்த்தேன். பழுப்பும் வைக்கோல் நிறமுமாக, பழைய ஜமக்காளத்தைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. அதனால்தான் அங்கே அதற்குக் கார்ப்பெட் பைத்தான் என்று பெயர்.

"இவ பேரு அம்மிணி" என்றாள்.

எங்கள் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் பெண் பிள்ளைகளை அப்படித்தான் கொஞ்சிக் கூப்பிடுவார்கள். அம்மாயி எங்கள் இருவரையுமே அப்படிக் கூப்பிட்டவர். ஒரே சமயத்தில் கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் இரண்டு பேரும் ஓடுவோம்.

கடிக்குமா என்று கேட்டிருக்கலாம். ஆனால் என் வாயில் வந்தது, "குணம் எப்படி?"

தங்கை சிரித்துவிட்டாள். "பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரியே கேக்கறியேக்கா."

கேட்டது தப்பில்லை என்று பிறகு தெரிந்தது. இந்தப் பாம்பை வளர்ப்பவர்கள் கூடினால் முதலில் பேசுவதே குணத்தைப் பற்றித்தானாம். எது சாது, எது முன்கோபி, எந்த வகையை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பதில் ஆளுக்கொரு தீர்ப்பு. சிட்னிப் பக்கத்தில் வாழும், கறுப்பில் மஞ்சள் புள்ளி வைத்த டயமண்ட் வகை பொறுமைசாலி என்று பேர் வாங்கியது. குயின்ஸ்லாந்தின் வடக்கில் மழைக்காட்டுப் பகுதியிலிருந்து வரும் ஜங்கிள் வகை, கறுப்பும் பளீர் மஞ்சளுமாக அவ்வளவு அழகு, ஆனால் கடிகாரி என்று கெட்ட பேர். தங்கையிடம் இருப்பது கிழக்குக் கடற்கரை வகை. இந்த இனத்திலேயே பெரிதாக வளர்வது அதுதான். இரண்டு மீட்டருக்கு மேல் சாதாரணமாகப் போகும். பிரிஸ்பேன் வீடுகளின் கூரைக்குள் எலியையும் பாசத்தையும் தேடிக்கொண்டு அவை தாமாகவே வந்து குடியிருக்கும். (பாசம் என்பது இங்கே பாசப் பிணைப்பு அல்ல, பாஸம் என்ற பைம்மாப் பிராணி. தட்டச்சு செய்தபோது விழுந்த பிழை. அழிக்க மனம் வரவில்லை.) கூரையில் இருப்பதைப் பிடித்து வளர்க்க முடியாது. உரிமம் வாங்கி, உரிமம் உள்ளவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் மலைப்பாம்பை வீட்டில் வைத்திருந்தால் சிறைதான். அங்கே அப்படி இல்லை.

மாசுணம் என்ற சொல்லை வருடந்தோறும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். மலைபடுகடாத்தில் கூத்தருக்கு வழி சொல்பவர், மலைப்பாதையில் அது கிடக்கும், பார்த்து விலகிப் போங்கள் என்கிறார். எங்கே கிடக்கும் என்பதுதான் அவருக்கு முக்கியம். அதன் குணம் என்ன என்று அவர் ஆராயவில்லை. எனக்கு இது வகுப்பில் ஒருநாளும் தோன்றியதில்லை.

குட்டிகள் எல்லாமே கடிக்கும் என்றாள் தங்கை. முட்டையிலிருந்து வெளியே வரும்போது ஒரு முழத்துக்கும் குறைவு. உடும்பு, கூக்கபரா என்று கண்ணில் பட்டதெல்லாம் அதைத் தின்ன வரும் உலகத்தில் அது வேறென்ன செய்யும்? வளர வளர, கையில் எடுப்பவர் தன்னைத் தின்னப் போவதில்லை என்று தெரியத் தெரிய, கொத்துவது குறையும். மேலிருந்து கை நீட்டக் கூடாது, பருந்து அப்படித்தான் வரும். பக்கவாட்டில் வர வேண்டும். தலையைத் தொடக் கூடாது. இரை தின்று இரண்டு நாளாவது விட்டுவிட வேண்டும். சட்டை உரிக்கும் முன்னால் கண் பால் படிந்தது போல் நீலமாக மங்கிவிடும். சரியாகப் பார்வை இல்லாத அந்த நாட்களில் கிட்டே போகக் கூடாது. "இதையெல்லாம் நாம பண்ணிட்டு, அவ சாதுன்னு அவளுக்குப் பேரு குடுக்கறோம்" என்றாள்.

நான் அப்போது மேலோட்டமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மிணி குட்டியிலிருந்து தங்கையிடம் வளர்ந்தவள் அல்ல. ஊர் மாறிப் போகும் ஒருவரிடமிருந்து நான்கு வயதில் வாங்கியது. விற்றவர் எழுதிக் கொடுத்த சீட்டை இன்னும் வைத்திருக்கிறாள். வயது, நீளம், என்ன தின்னும் என்பதற்குக் கீழே, 'குணம்: மிக நல்லது. கையிலேயே தூங்கிவிடும்' என்று இருந்தது. உண்மையாகவே கையில் துணி போல் தொங்கினாளாம். யார் எடுத்தாலும் ஒன்றும் செய்யவில்லை. நாக்கைக்கூட நீட்டவில்லை. வீட்டுக்கு வந்த தோழிகள் எல்லாம் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து மூக்கில் நுரைக் குமிழி வந்தது, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். மருத்துவர் நுரையீரலில் தொற்று என்றார். பழைய வீட்டில் சூட்டு விளக்கு எரியாமல் ரொம்ப நாள் குளிரிலேயே கிடந்திருக்க வேண்டும் என்றார். பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். அது இல்லையென்றால் தின்றது செரிக்காது, நோயை எதிர்க்க முடியாது, ஓட முடியாது, கடிக்கவும் முடியாது.

"குளிர்ல கெடந்தா எல்லாப் பாம்பும் சாதுதாங்க்கா."

மூன்று நாளைக்கு ஒரு ஊசி. ஒரு மூலையில் முப்பது டிகிரிக்கு மேல் சூடு, மறுமூலையில் குளுமை, எங்கே வேண்டுமோ அங்கே அவளே போய்க்கொள்ளலாம். மூன்றாவது மாதம் ஒரு நாள் தங்கை தண்ணீர் மாற்றக் கதவைத் திறந்தபோது, கழுத்தை 'எஸ்' மாதிரி மடக்கி, சீறிக்கொண்டு கண்ணாடியில் வந்து மோதினாள். "அன்னைக்கு நான் கேசரி கிண்டினேன்" என்றாள் தங்கை.

அவள் கேசரி கிண்டிய கதையைக் கேட்டு நானும் சிரித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் பெரியவள் சாது, சின்னவள் வாயாடி என்றுதான் பேச்சு. புகுந்த வீட்டிலும் எனக்கு அந்தப் பேர் நிலைத்தது. கல்லூரியிலும் அப்படித்தான், எந்தக் குழுவில் போட்டாலும் தகராறு பண்ணாத மேடம். என் முதல் கவிதைத் தொகுப்பு வந்தபோது வீட்டில் சொல்லவில்லை; ஐம்பது பிரதிகளும் துறை அறை மேசையின் கீழ் இழுப்பறையில் நான்கு வருடம் இருந்தன. யாரும் தடுக்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சந்தோஷப்பட்டிருப்பார்கள். கேட்கும் அளவுக்குக்கூட எனக்கு நாக்கு நீளவில்லை.

ஒன்பதாம் நாள் கடி வாங்கினேன். பழகிவிட்டோம் என்ற நினைப்பு. கோழிக் குழம்புக்கு அரிந்துவிட்டு, வெறும் தண்ணீரில் கையை அலசிக்கொண்டு, தங்கை குளிக்கும் நேரத்தில் அலமாரியைத் திறந்து தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் போனேன். வந்தது தெரியவில்லை. உள்ளங்கை ஓரத்தைக் கவ்வியிருந்தாள், மணிக்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். வலியைவிட அந்தப் பலம்தான் பயமாக இருந்தது. நான் கத்திய சத்தத்தில் தங்கை ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

"இழுக்காதேக்கா. பல்லெல்லாம் உள்பக்கமா வளஞ்சிருக்கும். இழுத்தா கிழியும். சும்மா நில்லு."

குழாயடியில் கொண்டுபோய், அவள் வாய் மேல் குளிர்ந்த தண்ணீரை விட்டாள். சில நிமிடத்தில் தானே விட்டுவிட்டாள். என் கையில் அரைநிலா மாதிரி ஊசிப் புள்ளிகள், மெல்லிய ரத்தம். விஷம் கிடையாது.

"என்னதான் பழகினாலும் இவ்வளவு கோபம் ஆகாது" என்றேன்.

"கோபமே இல்லக்கா. பயந்தான்னா கொத்திட்டு விட்டுடுவா. விடாம சுத்தறதுன்னா சாப்பாடு. ஒதட்டுல குழி குழியா இருக்கு பாரு, சூடு அதுல தெரியும். சூடான கை, கோழி வாசம். அவ வேற என்ன நெனைப்பா?" பசி நேரத்தில் முதலில் ஒரு கொக்கிக் கம்பியால் உடம்பில் மெல்லத் தட்ட வேண்டுமாம். இப்போது வருவது சாப்பாடு இல்லை என்று அதுதான் சொல்லும் முறை. எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தாள்.

மருந்து போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "2011ல நான் போன் பண்ணினப்ப என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவள் கல்யாணமாகி இங்கே வந்து இரண்டு வருடம். இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டாள். அவர் கதவை வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார் என்றாள். நான் தாழ்வாரத்தில் நின்று, பிள்ளை விழித்துக்கொள்ளாமல் மெதுவாகப் பேசினேன்.

"அனுசரிச்சுப் போ கண்ணுன்னு சொன்னேன்" என்றேன்.

"இல்லக்கா. 'உன் கொணத்தை மாத்திக்கோ'ன்னு சொன்னே."

நான் சொல்லை வைத்துப் பிழைப்பவள். இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். குணம் என்று சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. சொல்லவில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அவள் 2014இல் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தபோது என்னைக் கேட்கவில்லை என்பது மட்டும் எங்கள் இருவருக்குமே நன்றாகத் தெரியும். பஞ்சை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, குழம்பு அடிபிடிக்கிறது என்று எழுந்து போனாள்.

பெண் பாம்பைப் பற்றி அவள் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. முட்டைகளைக் குவித்து அதைச் சுற்றிக்கொண்டு தாய் படுத்துக்கிடக்கும், ஏறக்குறைய இரண்டு மாதம். பெரும்பாலும் ஒன்றும் தின்னாது. காற்றுக் குளிர்ந்தால் தசையை வெட்டி வெட்டி நடுங்கும், அந்த நடுக்கத்தில் வரும் சூட்டில்தான் முட்டை காக்கப்படுகிறது. குளிருக்கு நடுங்குவதில்லை, சூடு உண்டாக்க நடுங்குகிறது. அந்தச் சமயத்தில் எப்பேர்ப்பட்ட சாதுவும் கிட்டே வந்தால் கொத்தும். தாய்மை என்று நான் ஆரம்பித்ததும் தங்கை கையைக் காட்டி நிறுத்தினாள். குட்டி வெளியே வந்ததும் தாய் தன் பாட்டுக்குப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. இளைத்த உடம்பைத் தேற்றவே நாளாகும், அடுத்த வருடம் பெரும்பாலும் முட்டையிடாது. "கவிதை எழுதிடாதே" என்றாள்.

உன்னை அதற்குப் பிடிக்குமா என்று ஒருமுறை கேட்டேன். "பிடிக்கறதெல்லாம் இல்ல. என்னைப் பாத்து பயமில்ல. அவ்வளவுதான். அது பத்தாதா?"

கிளம்பும் வாரத்தில் அம்மிணிக்குக் கண் மங்கிவிட்டது. அதனால் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்க்க முடியவில்லை.

ஊர் வந்து ஒரு மாதம் கழித்து, நான் கேட்காமலே ஒரு படம் அனுப்பினாள். அம்மிணிக்கு அவள் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தின் பக்கம் அது. தேதி, எடை, இரை, சட்டை உரித்த நாள், குறிப்பு என்று கட்டம் போட்டிருக்கிறாள். குணத்துக்குக் கட்டம் இல்லை. நான் கடி வாங்கிய தேதிக்கு நேரே எழுதியிருந்தது: 'கடி 1. காரணம்: கோழி வாசம், தட்டாமல் கை விட்டது. தவறு: அக்கா.'