மடியில் உறங்கும் உயிர்

சிவகாசியில் மாமனார் இல்லத்தில் விருந்துண்டபின், பொதிகை விரைவு வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டோம். மூத்தவனுக்கு வயது 3. இளையவள் 7 மாதக் கைக்குழந்தை. ஐந்து வயதுக்குட்பட்டோருக்குத் தனிப் படுக்கை கேளாவிடில் ரயிலில் கட்டணமில்லை. அன்னையின் மடியே அவர்களுக்குப் படுக்கை.

பால் புட்டி, வெந்நீர்க் குடுவை, மாற்றுத் துணி எனச் சுமைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது மனைவியின் தம்பி ஓர் அட்டைப் பெட்டியை நீட்டினார்.

“மச்சான், எங்கள் ஊர் மத்தாப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குக் கொடுங்கள்.”

அன்பளிப்பை மறுப்பது எளிதன்று. ஆயினும் ரயிலில் பட்டாசு கொண்டுசெல்வது, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி, மூன்றாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தைக் காட்டிலும் என்னை அச்சுறுத்தியது வேறொன்று. ஓடும் வண்டியில் தீப்பற்றினால் பெரியவர்கள் எழுந்தோடலாம். மடியில் உறங்கும் மழலை எங்கே ஓடும்?

பெட்டியை அவரிடமே திருப்பித் தந்தேன். அவர் முகம் வாடியது. அவ்வேளை என் மகள் அவரது சுட்டுவிரலைப் பற்றிக்கொண்டு விட மறுத்தாள். அவளையே சற்று நோக்கியவர், “நீங்கள் சொல்வது சரிதான், மச்சான்” என்று பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

விருதுநகரைக் கடக்கையில் மக்கள் இருவரும் உறங்கிவிட்டனர். எதிர் இருக்கையில் யாரோ பெற்ற பிள்ளையொன்றும் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது.